வேலை நாள் மாத்திரை

எங்கள் ஊரில் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் யார் என்று யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் அவருடைய பெயரைத்தான் சொல்லியிருப்பேன். மாதத்தின் முதல் வாரத்தில் நான் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பிரஷர் கருவி நல்ல எண்ணைத்தான் காட்டியது. நூற்று முப்பது, மிஞ்சினால் நூற்று நாற்பது. சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டுவார். காலியான மாத்திரை அட்டைகளை நான் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்திருப்பார்.

நான் செய்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில நாள் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு பையும் கொடுத்தார்கள். பிரஷர் பார்க்கும் கருவி, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி, ஒரு மாதத்துக்கான மாத்திரைகள். நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்த்து, மாத்திரையைக் கொடுத்து, செல்போனில் பதிய வேண்டும். மோகனூருக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவில், காவிரியை ஒட்டிய ஊர் எங்களுடையது. வெற்றிலை, வாழை, கரும்பு. பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்க வெளியூர் விடுதிக்குப் போன பிறகு வீட்டில் எனக்குப் பொழுது போகவில்லை. மகளிர் குழுவில் பன்னிரண்டாவது வரை படித்தவள் என்று என் பெயரைக் கொடுத்தார்கள். “வெயில்ல ஊடூடா அலையோணுமா?” என்று கணவர் முதலில் முகம் சுளித்தார். ஆறு மாதத்துக்குள் அவரே டீக்கடையில் என் வேலையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் என்று சொன்னேனே, அவர் எங்கள் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்த பெண். நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவரை அங்கே பார்க்கிறேன். ஊருக்கு மேற்கே காலனியில் வீடு. புருஷன் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகளை எருமப்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். என்னைவிட எட்டு வயதாவது மூத்தவர். ஆனாலும் நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், ‘நீ’ என்றுதான் பேசுவேன். அவர் என்னை ‘அம்மிணி’ என்பார், வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ போடுவார். ஊர் வழக்கம் அப்படி. இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அந்த மரியாதையை அவர் காதில் விழும்படி நான் ஒருநாளும் கொடுத்ததில்லை.

அவருக்குப் பிரஷரும் சர்க்கரையும் இருப்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கண்டுபிடித்தது நான்தான். கால் வேறு வீங்கியிருந்தது. சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். டாக்டர் பார்த்துவிட்டு மூன்று மாத்திரை எழுதினார். அதில் ஒன்று, உடம்பில் தேங்குகிற நீரைச் சிறுநீராகப் பிரியவைக்கும் சின்ன வெள்ளை மாத்திரை. அதைக் காலையில் சாப்பிட வேண்டும். “மூணையும் காத்தால வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்ன போட்டுக்கோ, மறக்காது” என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். “ஆவட்டுங்க” என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த ஆலோசனை.

அதற்குப் பிறகு மாதாமாதம் நல்ல எண்கள். சுகாதார நிலையக் கூட்டத்தில் என் பகுதியில்தான் பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்கள் அதிகம் என்று நர்ஸம்மா எல்லார் முன்னாலும் சொன்னார். கைதட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல் என் காதில் இருந்தது.

ஒரு மாதம் மட்டும், சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்ததால், வழக்கமான தேதிக்கு ஒரு வாரம் முந்திக் காலனிக்குப் போனேன். சாயந்திரம். அவர் வேலை முடிந்து வந்து வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார். அன்று சிரிப்பு வரவில்லை.

“இன்னைக்கே வந்துட்டீங்களா அம்மிணி” என்றார்.

பட்டையைச் சுற்றிக் காற்றேற்றினேன். கருவி நூற்றுத் தொண்ணூறைக் காட்டியது. இரண்டாவது தடவையும் அதேதான்.

“என்னது இது? மாத்திரை போட்டயா இல்லையா?”

“நாலஞ்சு நாளா மறந்து போச்சுங்க.”

“மறக்கறதுக்கு இதென்ன கடைச் சாமானா? வெயில்ல நான் சொமந்துட்டு வந்து குடுக்கறேன். உம்பட உசுரு மேல உனக்கே அக்கறை இல்லீன்னா நான் எதுக்கு வாரேன்?”

குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. பக்கத்து வீடுகளில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருடைய நாத்தனார் எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்தார். அவரும் எங்கள் கொடிக்காலில்தான் வேலை செய்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை இவர் ஒரு பார்வை பார்த்தார். நாத்தனார் உள்ளே போய்விட்டார். நான் அதையும் கவனித்தேன். கவனித்து, வீட்டுச் சண்டையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“இனி மறக்க மாட்டனுங்க” என்றார்.

என் நோட்டில் அவர் பெயருக்கு நேராக ‘மறதி’ என்று எழுதினேன். மறுவாரம் நாமக்கல் போனபோது, ஏழு கிழமைக்கும் ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கிவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் தேதி தவறாமல் போனேன். எண் நன்றாக இருந்தது. திட்டியது வேலை செய்திருக்கிறது என்று எனக்குள் ஒரு திருப்தி.

எங்கள் வீடு தோட்டத்திலேயே இருக்கிறது. கொடிக்காலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் மட்டும்தான். வேலைக்காரப் பெண்கள் விடிந்தும் விடியாமலும் வந்துவிடுவார்கள். அகத்தி மரத்தோடு கொடியைச் சேர்த்துக் கட்டுவது, இலை கிள்ளுவது, கிள்ளிய இலையை நூறு நூறாகக் கவுளி அடுக்குவது என்று மதியம் ஒரு மணிவரை வேலை இருக்கும். கொடிக்கால் என்றால் கோயில் மாதிரி. உள்ளே யாரும் செருப்போடு போக மாட்டோம், எச்சில் துப்ப மாட்டோம். பத்து மணிக்கு நானே டீ போட்டு எடுத்துப் போவேன். அவர் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை நாத்தனாரின் டம்ளரில் ஊற்றிவிடுவார். தண்ணீர்க் குடத்துப் பக்கமும் போக மாட்டார்.

“ஏன், டீ நல்லா இல்லையா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பித்தமுங்க” என்றார்.

சர்க்கரை இருக்கிற ஒருவர், வெயிலில் ஏழு மணி நேரம் வேலை செய்கிறவர், தண்ணீர் குடிப்பதில்லை. இதை வாரத்தில் ஆறு நாள் என் கண்ணால் பார்த்தேன். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வதும் நானேதான். தோட்டத்தில் அவர் எனக்கு வேலைக்காரர், காலனியில் நோயாளி. இரண்டும் ஒரே ஆள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பங்குனி மாதம் அது. பதினொரு மணி இருக்கும். நான் அடுப்படியில் இருந்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து நாத்தனார் கூப்பிடும் குரல் கேட்டது. ஓடிப் போனேன். அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். மடியில் அடுக்கிய இலைகள் சரிந்து கிடந்தன. வலது கையால் இலையை எடுக்கப் பார்க்கிறார், விரல் மடங்கவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி இலைமேல் வைக்கிறார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மயக்கம் என்று மற்றவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். நூற்றெட்டுக்குப் போன் செய்தேன். வண்டி வருவதற்குள் வீட்டிலிருந்து பையை எடுத்துவந்து பிரஷர் பார்த்தேன். இருநூறைத் தாண்டியிருந்தது.

“இன்னைக்கு மாத்திரை போட்டயா?”

நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவருக்கு நாக்கு புரளவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பயந்த பார்வை அது. நோய்க்குப் பயந்த பார்வை என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். மறுபடியும் திட்டுவேன் என்று பயந்திருக்கலாம் என்பது பிற்பாடுதான் தோன்றியது.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, நானும் நாத்தனாரும் வெளி வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்தோம். கொடிக்காலில் இருந்து அப்படியே வந்ததால் நாத்தனார் காலில் செருப்பில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

“டப்பா வாங்கிக் குடுத்தேன், அட்டை அட்டையாக் குடுத்தேன். ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா?” என்றேன்.

நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“வேலை நாள்ல எப்படிங்க சாப்புடுவா?”

“ஏன்?”

“அதைப் போட்டா அரைமணிக்கொருக்கா ஒண்ணுக்கு முட்டுதுங்க. தோட்டத்துல எங்கீங்க போறது? கொடிக்காலுக்குள்ள ஒதுங்க முடியுமா, தீட்டாயிரும். வாழைக்குள்ள போலாமுன்னா ஆம்பளையாளுக தார் வெட்டிட்டு நிப்பாங்க. அக்கட்டால கரும்பு இருந்த மட்டுக்கும் பரவாயில்லீங்க. அதையும் வெட்டிட்டப்பறம் எங்களுக்கு ஏதுங்க மறைவு?”

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

“ஞாயித்துக்கிழமை போடுவாளுங்க, வேலையில்லாத நாளு. அப்பறம் நீங்க வாரதுக்கு ரண்டு மூணு நாளு முன்ன இருந்து போட ஆரம்பிச்சிருவா. அந்த நாள்ல பல்லைக் கடிச்சுட்டு அடக்கிக்குவா. பிரசரு கொறைச்சு வந்தாத்தான் அம்மிணிக்குச் சந்தோசமுன்னு சொல்லுவா.”

“அந்த ஒரு மாத்திரையை மட்டும் உட்டுட்டு மத்ததைச் சாப்பிட்டிருக்கலாமே.”

“எது எதுக்குன்னு எங்களுக்கு என்னங்க தெரியும்? மூணையும் ஒண்ணாப் போடச் சொன்னீங்க, மூணையும் ஒண்ணா நிறுத்திட்டா.”

வராந்தாவில் தள்ளுவண்டி ஒன்று போனது. அது போகும்வரை கால்களை மடக்கிக்கொண்டோம். அதற்குப் பிறகுதான், மிகவும் தயங்கி, நாத்தனார் இன்னொன்றையும் சொன்னார்.

“போன வருசம் நான் ஒருக்கா உங்களைக் கேட்டனுங்களே. ஊட்டுக்குப் பொறவால இருக்கறதுல போய்க்கட்டுங்களான்னு. தொட்டியில தண்ணி இல்லைன்னு சொன்னீங்க.”

எங்கள் வீட்டுக்குப் பின்னால், வெளியில் இருந்து போகிற மாதிரி ஒரு கழிப்பறை இருக்கிறது. தோட்டத்துக்கு வரும் வியாபாரிகளுக்காகவும் லாரி டிரைவர்களுக்காகவும் கட்டியது. பூட்டிச் சாவியை அடுப்படிச் சுவரில் ஆணியில் மாட்டியிருப்போம். நாத்தனார் கேட்ட நாள் எனக்கு உடனே நினைவு வந்தது. தொட்டியில் தண்ணீர் இருந்தது. காலையில்தான் மோட்டார் ஓடி, தொட்டி நிரம்பி வழிந்ததை நானே போய் நிறுத்தினேன். பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டெல்லாம் சொல்லவில்லை. யோசிக்கவே இல்லை, வாயில் தானாக வந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

“கேட்டிருந்தா உட்டிருப்பமே” என்றார்.

“கேட்டாங்க. நாந்தான் இல்லைன்னேன்.”

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கைகால் கழுவப் போனார். கேட்டிருந்தால் அவரும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் அந்தப் பூட்டைத் திறந்து வைத்தேன். கொடிக்காலில் இருந்த பெண்களிடம் போய், இனிமேல் எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்று சொன்னேன். “ஆவட்டுங்க” என்றார்கள். ஒரு வாரம் திறந்தே கிடந்தது. யாரும் வாய்க்காலைத் தாண்டி வரவில்லை. என் அடுப்படி ஜன்னலைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். இத்தனை வருஷம் வரக்கூடாது என்று பழக்கிவிட்டு, ஒரு காலையில் வாங்க என்றால் எப்படி வருவார்கள்? மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் தனியாக ஒன்று கட்டிவிடலாம் என்று கணவர் சொன்னார். அதில் எனக்கு ஒரு நிம்மதி வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் உள்ளது நமக்கு, அவர்களுக்கு வேறொன்று. அவ்வளவு நடந்த பிறகும் அந்த நிம்மதி வந்தது. கட்டி முடிக்க ஆடி மாதம் ஆகிவிட்டது. அதை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள்.

சுகாதார நிலையத்திலும் சொன்னேன். கூட்டத்தில் சொல்லத் தைரியமில்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு நர்ஸம்மாவிடம் தனியாகச் சொன்னேன். அவர் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் சின்ன வயசுப் பெண். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“அந்த ஒரு மாத்திரையை மாத்திக் கொடுத்திருக்கலாமேம்மா. மத்ததை ராத்திரிக்கு வச்சிருக்கலாம். வேலைக்குப் போற இடத்துல வசதி இல்லைன்னு ஒரு வார்த்தை வந்திருந்தாப் போதும்.”

திட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து என் பகுதியில் காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டேன். வேலை செய்யும் இடத்தில் ஒதுங்க இடம் இருக்கிறதா, மாத்திரையை எந்த நாள் போடுகிறீர்கள், எந்த நாள் விடுகிறீர்கள். முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அதே கதை வேறு வேறு தோட்டங்களில். செங்கல் சூளையில் ஒன்று, கோழிப்பண்ணையில் ஒன்று. சிலருக்கு மாத்திரையும் நேரமும் மாறின. அந்த மாதங்களில் என் பகுதியின் எண்கள் மோசமாக இருந்தன. உண்மையான எண்கள் அவைதான்.

அவர் மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். வலது கையும் காலும் சரியாக வரவில்லை. பேச்சு குழறலாக வந்தது. தனியாக இருக்க முடியாது என்று மகள் எருமப்பட்டிக்குக் கூட்டிப்போய்விட்டார். போவதற்கு முன் வீட்டைக் காலி செய்ய நானும் போனேன். மகள் அடுப்பு மேடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். பழைய ஊறுகாய் பாட்டில். உள்ளே முக்கால் பாட்டிலுக்கு மாத்திரைகள். எனக்குக் காலி அட்டை காட்டுவதற்காகப் பிரித்து இதில் போட்டு வைத்திருக்கிறார்.

“ஏம்மா இதை வச்சிருக்கறயின்னு கேட்டனுங்க. அம்மிணி சொமந்துட்டு வந்து குடுக்கறாங்க, கொட்டறதுக்கு மனசு வரலைங்குது” என்றார் மகள்.

அவரைப் பார்க்கப் போக எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. வேலை இருந்தது என்று சொல்லலாம். உண்மையில் போக முடியவில்லை. கடைசியில் ஒரு புதன்கிழமை நாமக்கல் போய் எருமப்பட்டி பஸ் ஏறினேன். மகள் வீடு ஊருக்கு வெளியே, புதிதாகக் கட்டிய சின்ன வீடு. மகள் கோழிப்பண்ணை வேலைக்குப் போயிருந்தார். அவர் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். தோளைப் பிடித்து உட்காரவைத்து, நானும் அதே கட்டிலில் உட்கார்ந்தேன்.

“வெயில்ல வந்துட்டீங்களே அம்மிணி” என்றார். ஒவ்வொரு எழுத்தையும் இழுத்துத்தான் சொல்ல முடிந்தது. “கொடிக்கா எப்படிங்க இருக்குது?”

“இருக்குது.”

“கீழ்ப்பாத்திக்குத் தண்ணி ஏறுதுங்களா?”

“ஏறுது.”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். பஸ்ஸில் வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். தொட்டியில் தண்ணீர் இருந்தது, நான் பொய் சொன்னேன், உன்னைத் திட்டியது தப்பு, காரணத்தைக் கேட்காதது அதைவிடத் தப்பு. வாயைத் திறந்தேன். “தோட்டத்துல இப்ப மோட்டார் ரூம்புகிட்ட ஒண்ணு கட்டியிருக்கறோம், பொம்பளையாளுகளுக்கு” என்றுதான் வந்தது.

அவர் கையிலிருந்த பூண்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நல்லதுங்க” என்றார். “சின்னப்புள்ளைக வேலைக்கு வருதுக. அதுகளுக்கு ஆவும்.”

பழக்க தோஷத்தில் பையிலிருந்து கருவியை எடுத்தேன். அவர் இடது கையை நீட்டினார். நூற்று முப்பத்திரண்டு. சரியான எண்.

“இப்ப மாத்திரை ஒருநாளும் நிக்கறதில்லீங்க” என்றார். சொல்லும்போது பழைய மாதிரி சிரிக்க முயன்றார், ஒரு பக்கம் மட்டும்தான் வந்தது. “எந்நேரமும் ஊட்லதான இருக்கறேன். உள்ளயே பாத்ரூமு. ஒரு கவலையும் இல்லீங்க.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவருக்கு அப்படிப் பேசத் தெரியாது. நடப்பைச் சொன்னார், அவ்வளவுதான். நான் கருவியின் பட்டையை அவிழ்த்துச் சுருட்டினேன். அவர் உரித்திருந்த பூண்டை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, நானே அடுக்களையில் காபி போட்டு எடுத்துவந்தேன். இரண்டு பேருமாகக் குடித்தோம். அவர் முழு டம்ளரையும் குடித்தார். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தேன். வாசல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மறுபடியும் ஒருமுறை போக வேண்டும் என்று இருக்கிறேன். இந்த முறையாவது சொல்ல வேண்டும். இன்னும் போகவில்லை.